தெமோதரைக் களரியில் இரு வீரர்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் இந்நாளிற் பிரயாணஞ் செய்வோரிற் பெரும்பாலார் எல்ல நிலையத்திலேயே இறங்கிவிடுகின்றனர். இருக்கையை விட்டெழாது இன்னுஞ் சிறிது தூரம் செல்லும் பொறுமையுடையோருக்கே தெமோதரையின் விந்தை காணக் கிடைக்கின்றது. எல்லவைக் கடந்ததும் ஒன்பது வளைவுப் பாலம் தோன்றும். கல்லும் செங்கல்லும் சீமெந்துங் கொண்டு 1921 ஆம் ஆண்டளவிற் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலம், பசுமை நிறைந்த பள்ளத்தாக்கின் மேலே வளைந்து நிற்கும் காட்சி மனத்தை விட்டகலாதது. அப்பால் மலைச்சரிவுகளைத் தழுவியும் குகைகளுள் நுழைந்தும் செல்லும் வண்டி தெமோதரை நிலையத்தை அடைகின்றது.

இங்கேதான் விந்தை. நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி, மலையொன்றை ஒரு முறை முழுவதும் சுற்றி இறங்கி, தான் சற்று முன்னர் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள குகைவழியே நுழைந்து பதுளைப் பக்கம் வெளிவருகின்றது. சரிவு மிகுந்த மலையில் வண்டி தடுமாறாது இறங்குவதற்காகச் செய்த உபாயம் இது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டபோதே பொறியியலாளருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று ஊரார் ஒரு கதை கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, மலையைக் குடைந்தும் கல் சுமந்தும் இப்பாதையை அமைத்த தொழிலாளரை அது நினைவூட்டுகின்றது. அவ்வகையில் அக்கதையை நாம் போற்றுகின்றோம். இப்பாதை 1924 ஆம் ஆண்டிற் பதுளையைச் சென்றடைந்தது.

வண்டியை விட்டிறங்கித் தேயிலைத் தோட்டப் பாதையில் நடந்தோமானால் வேறோர் உலகம் கண்முன் விரிகின்றது. நமுனுகுல மலை முகிலைச் சூடி நிற்கும். அடிவாரத்தில் ஆறு சலசலத்தோடும். ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தை ஊட்டுகின்றது என்பர். கொழுந்து நிறைந்த கூடையைச் சுமந்து வரும் பெண்கள், வரிசை வரிசையான லயங்கள், பெரட்டுக்களம், ஸ்டோர், சிறியதொரு மாரியம்மன் கோயில், கோயிலுக்கு முன்னாலே ஒரு வெறும் திடல். வாசகர்களை நாம் அழைத்துச் செல்ல விரும்புவது இறுதியிற் கூறிய அத்திடலுக்கேயாம்.

காமன் பொட்டல்

மாசி மாதம் பிறந்துவிட்டால் அவ்வெறும் திடல் உயிர் பெற்றுவிடும். அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும் ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் காமன் கம்பம் நாட்டுவர். அன்று தொடங்கும் தப்பொலி பௌர்ணமி வரை இரவுதோறும் மலைகளில் மோதி எதிரொலிக்கும். இரதிக்கும் மன்மதனுக்கும் வேடம் புனைவோர் விரதங் காப்பர். இரதியாக வருபவரும் ஆண்மகனே. இறுதி நாளிரவு கரும்பு வில்லேந்திய மன்மதன் மலர்க்கணை தொடுக்க, தவங் கலைந்த சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமன் எரிகின்றான். அதன் பின் வரும் இரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விடாத பெண்கள் அத்திடலில் இரார். வீரபத்திரன் வரும்போது சிறுவர் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வர்.

தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தம்முடன் கொணர்ந்த பெருஞ் செல்வம் இக்கூத்து. பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் அவ்வாறே வந்தவை. மேடையில்லை, திரையில்லை, நுழைவுச்சீட்டில்லை. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய கைகளே இரவில் வில்லேந்துகின்றன.

இத்திடலொன்றின் ஓரத்தில், முதியவரான கூத்துக்கலைஞர் ஒருவரோடும் அவரைச் சூழ்ந்திருந்த பள்ளி மாணவர் சிலரோடும் நாம் உரையாடிக்கொண்டிருந்தோம். மாணவருள் ஒருவர் தம் பள்ளியிற் பிலிப்பைன் நாட்டு விடுதலை வீரர் ஹோசே ரிசாலைப் பற்றிய நாடகமொன்றை ஆடலாமென்று ஆசிரியர் கூறியதாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"ஆனா ஐயா, அவரு எங்க ஆளு இல்லையே. அவரு நாடு எங்க இருக்குன்னுகூட இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. நாங்க அவரா வேஷம் கட்டினா சனங்க சிரிக்க மாட்டாங்களா?"

நாம் விடை கூறுமுன்னரே முதியவர் முந்திக்கொண்டார்.

"மன்மதன் மட்டும் எந்த லயத்துல பொறந்தவன், தம்பி?"

மாணவர்கள் நகைத்தனர். ஆயினும் அவ்வினா நகைப்புக்குரியதன்று. மேடையில் ஒருவரை நம்மவர் ஆக்குவது அவருடைய பிறப்பன்று. அவருடைய துயரத்தை நாம் எவ்வளவு உணர்ந்து ஆடுகின்றோம் என்பதே. இவ்வுண்மையை அம்முதியவர் ஏட்டிற் கற்கவில்லை. ஆண்டுதோறும் எரிந்தெரிந்து கற்றிருந்தார்.

காலித் துறையில் இறங்கிய இளைஞர்

ரிசால் நமக்கு முற்றிலும் அந்நியருமல்லர். 1861 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் கலம்பா என்னும் ஊரிற் பிறந்த அவர், மேற்படிப்புக்காக ஸ்பெயினுக்குச் சென்றபோது அவருக்கு வயது இருபது. 1882 ஆம் ஆண்டு மே மாதம் அவர் ஏறிவந்த 'ஜெம்னா' என்னும் கப்பல் காலித் துறைமுகத்திலும் பின்னர் கொழும்பிலும் நின்றது. காலி அழகாயினும் அமைதி மிகுந்ததாகவும், கொழும்பு மிக எழிலுடையதாகவும் அவருக்குத் தோன்றின. அந்நாளில் இம்மலைகளிற் கோப்பிச்செடி நோயுற்று அழிந்து கொண்டிருந்தது. தேயிலை அதனிடத்திற் பரவத் தொடங்கியிருந்தது.

ஸ்பானியர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிலிப்பைன் தீவுகளை ஆண்டுவந்தனர். ரிசால் கண் வைத்தியரானார். தம் அன்னையின் கண்ணுக்குத் தாமே சிகிச்சை செய்தார். 1887 ஆம் ஆண்டு 'நோலி மே தாங்கெரே', 1891 ஆம் ஆண்டு 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' என்னும் இரு நாவல்களை வெளியிட்டார். அவை ஆட்சியாளரின் கொடுமைகளையும் மடாதிபதிகளின் ஆதிக்கத்தையும் உலகறியச் செய்தன. அவர் வாளெடுத்தவரல்லர். தம் மக்களுக்குக் கல்வியும் சம உரிமையும் சட்டசபையிற் பிரதிநிதித்துவமும் வேண்டுமென்றே எழுதினார். ஆயுதப் புரட்சிக்கு இயக்கம் கண்டவர் அந்திரேஸ் பொனிபாசியோ. எனினும் ரிசாலையே ஆட்சியாளர் பெரிதும் அஞ்சினர். 1892 முதல் நான்காண்டு காலம் தப்பித்தான் என்னும் ஊரில் அவரைச் சிறைவாசம் போன்ற ஒதுக்கத்தில் வைத்தனர். பின்னர் இராணுவ மன்றில் விசாரித்து, 1896 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாட் காலை மணிலாவிற் சுட்டுக் கொன்றனர்.

அவருடைய இறுதி வேளையை மேடையேற்ற விரும்புவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, முந்திய நாள் தம் சகோதரியிடம் அவர் ஒரு சிறு எரிசாராய அடுப்பைக் கொடுத்து, உள்ளே ஒன்று இருக்கின்றதென ஆங்கிலத்தில் மெல்லக் கூறினார். காவலருக்கு அம்மொழி விளங்கவில்லை. உள்ளே இருந்தது அவருடைய கடைசிக் கவிதை. இரண்டாவது, சுடப்படுமுன் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்த ஸ்பானிய வைத்தியர் அது வழக்கம்போலவே துடிப்பதைக் கண்டு வியந்தார். மூன்றாவது, அவரை முதுகிற் சுடும்படி ஆணை பிறந்தது. முதுகில் சுடப்படுவது துரோகிகளுக்குரிய தண்டனை. மண்டியிடவும் கண்ணைக் கட்டிக்கொள்ளவும் மறுத்து நின்ற அவர், குண்டு பாய்ந்த கணத்தில் தம் உடலைத் திருப்பி வானை நோக்கி வீழ்ந்தார். துப்பாக்கி ஏந்தி முன்வரிசையில் நின்றோர் அவருடைய நாட்டவரே. அவர்கள் தயங்கினால் அவர்களைச் சுடுவதற்காகப் பின்வரிசையில் ஸ்பானிய வீரர் நின்றனர்.

இக்காட்சியில் ஒரு சொல்லும் வேண்டுவதில்லை. அந்த ஒரு திரும்பலே போதும்.

மேடையும் சிறைச்சாலையும்

விடுதலை வீரனை மேடையில் நிறுத்துவது எந்நாட்டிலும் எளிய காரியமாயிருந்ததில்லை. ஸ்பானியர் போனபின் அமெரிக்கர் பிலிப்பைன் நாட்டை ஆண்டனர். 1903 ஆம் ஆண்டு மணிலாவில் அவுரேலியோ தொலெந்தினோ என்பவர், நேற்று, இன்று, நாளை என்று பொருள்படும் பெயரையுடைய நாடகமொன்றை அரங்கேற்றினார். அதில் நாடே ஒரு தாயாக வந்தது. அவளுடைய விடுதலைக்காகப் போராடும் மக்கள் ஒரு வீரனாக வந்தனர். நாடகம் ஆடியதற்காகவே தொலெந்தினோ சிறைப்பட்டார். வேடம் என்பது வெறும் வேடமன்று என்பதை ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர்.

தமிழ் மேடையிலும் இந்நிலை இருந்தது. சிவகாசியில் தோன்றிய நடிகர் எஸ். எஸ். விசுவநாததாஸ், புராண வேடங்களிலேயே நின்று தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலிருந்தபடியே அவர் உயிர் நீத்தார். வெ. சாமிநாத சர்மா 'பாணபுரத்து வீரன்' என்னும் நாடகத்தை எழுதினார். ஸ்கொட்லாந்து நாட்டினர் தம் விடுதலைக்காகப் போராடிய வரலாற்றைத் தழுவியது அது. அரசாங்கத்தின் தடைக்கு ஆளான அந்நாடகத்தை டி. கே. எஸ். சகோதரர் 'தேசபக்தி' என்னும் பெயரில் மேடையேற்றினர். எங்கோ வடகடலோரத்து வீரன் ஒருவன் தமிழ்ப் பெயர் புனைந்து தமிழ் பேசியபோது, சபையில் இருந்தோர் அவனைத் தம்மவனாகவே கண்டனர். தெமோதரை மாணவர் கேட்ட வினாவுக்கு நம் நாடக வரலாறு முன்னரே இவ்வாறு விடை கூறியிருக்கின்றது.

நம் தோட்டங்களிலும் நாடகத்தின் வலிமையை உணர்ந்தோர் இருந்தனர். தொழிலாளரிடையே சங்கம் வளர்த்த கோ. நடேசய்யர், தோட்ட மக்களின் வாழ்வைக் கூறும் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்னும் நாடகத்தை எழுதினார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடி விழிப்பூட்டினார்.

இவற்றுக்கெல்லாம் பின்னர் வந்தது 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சிவாஜி நாடக மன்றம் 1957 ஆம் ஆண்டிலிருந்து மேடையில் நடத்திய அந்நாடகம் 1959 இல் திரைப்படமாயிற்று. அதன் கர்ச்சனை தோட்டந்தோறும் எதிரொலித்தது. மீசையை முறுக்கி அவ்வசனத்தை ஒப்பிக்கும் சிறுவன் இல்லாத பள்ளி விழா அக்காலத்தில் அரிது. அது தமிழ் நாவுக்கு நல்ல பயிற்சி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அன்று தொட்டு வீரனென்றால் முழங்குபவன் என்னும் எண்ணம் நம் மாணவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. ரிசாலையும் அவ்வாறே முழங்கவைத்தால், அவர் கையில் வாளொன்றையுங் கொடுத்தால், அங்கே நிற்பவர் ரிசாலாக மாட்டார். வேறொருவர் அவருடைய கறுப்பு அங்கியை இரவல் வாங்கி அணிந்து நிற்பது போலாகும்.

இந்த மண்ணின் வீரன்

ரிசாலை ஆட விரும்பும் ஊவா மாணவர், தம் காலடி மண்ணின் வீரனையும் அறிந்திருத்தல் முறையாகும். தெமோதரையிலிருந்து வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. வெலிமடைப் பக்கத்திற் கெப்பட்டிப்பொல என்று ஓர் ஊர் இன்றும் இருக்கின்றது. ஊவாவின் திசாவையாயிருந்த மொனரவில கெப்பட்டிப்பொலவின் பெயரை அது தாங்கி நிற்கின்றது.

அவருடைய வாழ்வைப் போன்ற ஒரு நாடகக் கதையைக் கற்பனையாற் படைத்தல் அரிது. அவருடைய சகோதரி எகலப்பொலை குமாரிஹாமி. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், எகலப்பொலை மீது கொண்ட சினத்தால், 1814 ஆம் ஆண்டு அவ்வம்மையாரையும் அவருடைய குழந்தைகளையும் கொல்வித்தான். நாயக்கர் குலத்தவனான அம்மன்னனை ஆங்கிலேயர் அடுத்த ஆண்டு சிறைப்பிடித்து வேலூருக்கு அனுப்பினர். 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாட் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் கெப்பட்டிப்பொலவும் ஒருவர். அவருக்கு அன்று அரசன் பகைவன், ஆங்கிலேயரோ பகைவரல்லர்.

இரண்டாண்டுகள் கழிந்தன. உடன்படிக்கையின் சொற்கள் ஏட்டில் இருந்தன. அதிகாரம் அந்நியர் கையில் இருந்தது. 1817 ஆம் ஆண்டு வெல்லஸ்ஸப் பகுதியில் ஒருவர் தோன்றினார். இலட்சம் வயல்கள் நிறைந்த நாடு என்பது வெல்லஸ்ஸ என்னும் பெயரின் பொருள். வில்பாவே என்னும் ஊரினரான அவர், தாம் நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினரென்றும் தம் பெயர் துரைசாமி என்றும் கூறினார். ஊவாவின் சிங்கள மக்கள் அந்நியரை எதிர்த்துத் திரண்டபோது, அவர்கள் நடுவே அரசுரிமை கோரி நின்றவர் சூடிய பெயர் தமிழ்ப் பெயர் என்பதை நம் மாணவர் கவனித்தல் வேண்டும். அக்காலத்து மக்கள் வேற்றாரெனக் கண்டது கடல் கடந்து வந்து ஆண்ட வெள்ளையரையேயன்றித் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவரையன்று. கிளர்ச்சியை அடக்கப் பதுளையிலிருந்து சென்ற வில்சன் என்னும் ஆங்கில அதிகாரி அம்பெய்து கொல்லப்பட்டார்.

ஆள்பதி பிரவுன்றிக், கெப்பட்டிப்பொலவுக்கு ஏறக்குறைய 500 வீரரைக் கொடுத்துக் கிளர்ச்சியை அடக்கிவருமாறு அனுப்பினார். அவர் சென்றார். சென்று தம் மக்களைக் கண்டார். கண்டபின் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்தார். ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளையும் தளபாடங்களையும் அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டார். அவர்கள் தந்த ஆயுதத்தால் அவர்களையே எதிர்ப்பது தமக்கு முறையன்று என்பது அவர் எண்ணம்.

தம் சகோதரியைக் கொன்ற மன்னனின் உறவினரென்று சொல்லிக்கொண்டவரின் கொடியின் கீழ் நின்று அவர் போரிட்டார் என்பதை எண்ணுக! வீட்டின் துயரம் ஒரு தட்டிலும் நாட்டின் துயரம் மறுதட்டிலுமாக நின்ற அந்த ஓரிரவை எழுதவல்ல நாடகாசிரியர் நம்மிடையே தோன்றல் வேண்டும்.

கிளர்ச்சி 1818 ஆம் ஆண்டின் இறுதியில் ஒடுக்கப்பட்டது. ஊரூராகத் தீ வைத்தனர். நெல்லையும் மாட்டையும் அழித்தனர். பயன்மரங்களை வெட்டி வீழ்த்தினர். அக்டோபர் மாத இறுதியிற் பிடிபட்ட கெப்பட்டிப்பொல, நவம்பர் 26 ஆம் நாள் மடுகல்லவோடு கண்டிப் போகம்பறையிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அன்று காலை தலதா மாளிகையில் வழிபட்டார். தம் ஆடையொன்றை அங்கே காணிக்கையாக்கினார். ஊவாவிற் கடமையாற்றிய சோவர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியிடம் அமைதியாக விடைபெற்றார். கொலைக்களத்திற் கூந்தலைத் தாமே உச்சியில் முடிந்து, இடையிலிருந்த சிறு பௌத்த ஏட்டை எடுத்து ஓதினார். இவற்றை எழுதிவைத்தவர் ஹென்றி மார்ஷல் என்னும் ஆங்கிலப் படை வைத்தியர். அவ்வைத்தியரே கெப்பட்டிப்பொலவின் மண்டையோட்டை எடின்பரோ நகரத்து ஆராய்ச்சிச் சங்கமொன்றுக்கு அளித்தார்.

மணிலாவில் ஒரு வைத்தியர் நாடி பார்த்தார். கண்டியில் ஒரு வைத்தியர் குறிப்பெழுதினார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் பௌத்தர். ஒருவர் பேனா பிடித்தவர். மற்றவர் படை நடத்தியவர். இருவரையும் கொன்றவர்கள் இருவரும் அஞ்சுவரென எதிர்பார்த்தனர். இருவருடைய அமைதியே அவர்களைத் தோற்கடித்தது. ரிசாலின் உடலைப் பெயர் பொறிக்காது புதைத்தனர். பின்னர் மக்கள் அதனை மீட்டு 1912 ஆம் ஆண்டு அவர் வீழ்ந்த திடலருகே அடக்கஞ் செய்தனர். கெப்பட்டிப்பொலவின் மண்டையோடு தாயகம் மீண்டு, 1954 ஆம் ஆண்டு கண்டியில் தலதா மாளிகையின் எதிரே நினைவுத் தூணின் கீழ் வைக்கப்பட்டது. 1818 இல் அவரையும் தோழரையும் துரோகிகளெனக் கூறிய பிரகடனம் நீக்கப்பட்டு, அவர்கள் தேசிய வீரரென அறிவிக்கப்பட்டதோ 2016 ஆம் ஆண்டிலேயாம்.

ஆடுவதற்கு நமக்கு உரிமை உண்டா?

இங்கே வாசகர் ஒருவர் வினவலாம்: "கெப்பட்டிப்பொல சிங்களப் பிரதானி, தோட்ட மக்களோ அவருக்குப் பின்னர் வந்தவர்கள். அவர் வீழ்ந்தபின் அந்நியர் திறந்த தோட்டங்களிலன்றோ இவர்கள் குடியேற்றப்பட்டனர்?"

உண்மையே. 1840 ஆம் ஆண்டின் சட்டம், உறுதியில்லா நிலங்களை முடிக்குரியவையாக்கிற்று. அவற்றிற் பெரும்பகுதி தோட்டமாயிற்று. ஊவாவின் குடியானவன் தன் காட்டை இழந்தான்; தமிழகத்தின் குடியானவன் தன் ஊரை இழந்து வந்து அக்காட்டை வெட்டினான். இழந்தவர் இருவர், இலாபமடைந்தவன் மூன்றாமவன். இதனை மலைநாட்டின் மக்கள் இருபாலாரும் ஒரே மேடையில் ஒரு நாளேனுங் கண்டிருப்பரேல் எத்துணை மனக்கசப்பு நீங்கியிருக்கும்!

சுதந்திரம் வந்த அதே 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றிற்று. தெமோதரை நிலையத்தில் எத்தனை தாய்மார் கதறி விடைகொடுத்திருப்பர்! எஞ்சியிருந்தோரின் வழக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. நாட்டுரிமை மறுக்கப்பட்டிருந்த அத்தனை ஆண்டுகளும் இம்மக்கள் இம்மண்ணிலேயே காமனை எரித்து இம்மண்ணிலேயே உயிர்ப்பித்து வந்தனர். இந்த மண்ணின் வீரனை ஆட இவர்களுக்கு உரிமை இல்லையென்று எவர் கூறவல்லார்?

வடக்கிலும் தெற்கிலும் வழிகாட்டிகள் உளர். சிங்கள மேடையில் ஜோன் டி சில்வா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டியின் கடைசி மன்னனையே கதைத்தலைவனாக்கினார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1956 ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னனின் கதையை நாடகமாக்கினார். முல்லைமணி பண்டாரவன்னியனின் வீரத்தை எழுதினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிற் கிராமத்துக் கூத்தைச் செப்பஞ் செய்து நகர மேடைக்குக் கொணர்ந்தார். கூத்தும் வரலாறும் கைகோக்கக் கூடியவை என்பதற்கு இவை சான்று.

மாணவர்க்குச் சில சொற்கள்

ஆகவே ரிசாலை ஆட விரும்பும் மாணவர் அஞ்சாது ஆடுக. ஆனால் ஒரே மாலையில் கெப்பட்டிப்பொலவையும் உடன் நிறுத்துக. இருவருக்கும் பெருஞ் செலவில்லை. ரிசாலுக்கு ஒரு கறுப்பு அங்கியும் தொப்பியும், ஒரு சிறு அடுப்பும் போதும். கெப்பட்டிப்பொலவுக்கு ஒரு மேலாடையும் ஒரு சிற்றேடும் போதும். திரை வேண்டா; காமன் பொட்டலின் வெறுந் திடலே தகுந்த அரங்கு. இடையிடையே தப்பு ஒலிக்கட்டும். முடிவில் அதுவும் ஓயட்டும்.

வசனத்தைக் குறைத்துத் தயக்கத்தைக் காட்டுக. துப்பாக்கிகளைத் திருப்பியனுப்பும் முன் கெப்பட்டிப்பொல ஒரு கணம் அவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். அவருக்கு அவை தேவை என்பதைச் சபை உணர்ந்தால்தான் அவர் அவற்றைத் துறந்ததன் பெருமை விளங்கும். அடுப்பைச் சகோதரியிடம் கொடுக்கும் ரிசாலின் குரல் நடுங்காதிருக்கட்டும்; வாங்கும் சகோதரியின் கை நடுங்கட்டும். சுடும் வரிசையில் நிற்கும் சிப்பாயாக வருபவருக்கும் ஓர் உள்ளம் உண்டென்பதை மறவற்க. பகைவனைக் கோமாளியாக்கினால் வீரனும் சிறுத்துவிடுவான்.

அண்டையிலுள்ள சிங்களப் பள்ளி மாணவரையும் அழையுங்கள். அவர்களுள் ஒருவர் துரைசாமியாக வரட்டும்; உங்களுள் ஒருவர் கெப்பட்டிப்பொலவாக நிற்கட்டும். எவர் எந்த வேடத்துக்குப் பிறந்தவர் என்னும் வினாவை அத்திடலில் எவரும் எழுப்பமாட்டார். பெற்றோரும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மாலை வந்து அமர்வாராக.

நவம்பர் 26 ஆம் நாளுக்கும் டிசம்பர் 30 ஆம் நாளுக்கும் இடையே ஐந்து வாரங்களே உள்ளன. ஊவாவில் மழை பெய்யும் காலம் அது. திடல் சேறாயிருப்பின் ஸ்டோர்த் தாழ்வாரமோ பள்ளி மண்டபமோ போதும். வேண்டுவது இரு மாணவரின் நேர்மையான உள்ளமும், நிமிர்ந்து நின்று வாளாவிருக்கும் துணிவுமே.